புற்றுநோய்ப் பதிவேட்டில் புள்ளியியல் வேலைக்கு வருகிறீர்களா?

எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு, "ஆர் (R) மென்பொருள் தெரியும், சர்வைவல் மாடல் தெரியும், எங்கே சேரலாம்?" என்று கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது: ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள், பதிவேட்டு ஊழியர்களோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குங்கள். ஒரு பகுதியில் யாருக்கெல்லாம் புற்றுநோய் வந்தது என்று திரட்டி வைப்பதுதான் பதிவேடு. அதற்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1981-ல் தொடங்கிய தேசியத் திட்டமே, ஆள் போய் பயாப்சி ரிப்போர்ட்டையும் கேஸ் ஷீட்டையும் புரட்டி விவரம் எடுத்து வருவதில்தான் நிற்கிறது. சென்னைப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்துகிறது.

அங்கே கற்க வேண்டியது இரட்டைப் பதிவைப் பிடிப்பது. ஒரு ஆஸ்பத்திரியில் 'ஆர். லட்சுமி, 52'. இன்னொன்றில் 'கே. லக்‌ஷ்மி, 50'. முன்னது அப்பா இனிஷியல், பின்னது கணவர் இனிஷியல். வயது? 'அம்பது இருக்கும்' என்று கூட வந்தவர் சொன்னது. தெருப்பெயரும் இடது மார்பு என்ற குறிப்பும் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று முடிவு கட்டலாம். எந்த சாஃப்ட்வேருக்கும் இந்த இனிஷியல் சங்கதி தானாகப் புரியாது.

அடுத்து முகவரி. பதிவேட்டுப் பகுதியில் ஒரு வருடமாவது குடியிருந்தவரைத்தான் எண்ண வேண்டும். சிகிச்சைக்காக வந்து லாட்ஜில் தங்கியவர் அந்த முகவரியைக் கொடுத்திருப்பார். கவனிக்காவிட்டால் ஊரின் நோய் விகிதம் வீங்கிவிடும்.

கணக்கு சுலபம். உதாரணத்துக்கு, 50–54 வயதில் 50,000 பெண்களில் ஒரு வருடத்தில் 40 பேருக்குப் புதிதாக நோய் என்றால், லட்சத்துக்கு 80. ஊருக்கு ஊர் வயதுக் கலவை மாறுவதால், ஒப்பிடுவதற்காக உலகத் தர மக்கள்தொகை என்று ஒரு பொதுக் கலவையை வைத்திருக்கிறார்கள்; அதில் அந்த வயதின் எடை லட்சத்தில் 5,000. ஆக அது சேர்ப்பது 4. எல்லா வயதுப் பிரிவுக்கும் இப்படிக் கூட்டினால் வயது சீராக்கிய விகிதம். போக்கு பார்க்க ஜாயின்பாயின்ட் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் அது காட்டும் வளைவை உடனே நம்பாதீர்கள். என் முதல் அறிக்கையில் மார்பகப் புற்றுநோய் ஒரே வருடத்தில் சட்டென்று ஏறியது. நானும் பெருமையாக வாழ்க்கைமுறை மாற்றம் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டேன். ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி அந்த வருடம்தான் விவரம் தர ஆரம்பித்தது என்று கள ஊழியர் அக்கா டீ குடிக்கும்போது சொன்னார். பத்தியை அடித்தேன்.

வகுக்கும் எண்ணையும், அதாவது பகுதியின் மக்கள்தொகையையும், இதே சந்தேகத்தோடு பாருங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011-ஐ வைத்து மதிப்பிட்ட எண்தான் கையில். எந்த முறையில் மதிப்பிட்டீர்கள் என்பதை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.