டிரைலோபைட் புதைபடிவம்: இனங்காணலும் சுத்தம் செய்தலும்

டிரைலோபைட் என்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன, ஓடுடைய கடல் உயிரி. நீளவாக்கில் மூன்று மடல்கள் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். தலை, கணுக்கணுவான நடுவுடல், வால் கவசம் எல்லாம் அடுத்துதான். தலையோ வாலோ தனியாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் உரித்த சட்டை. 10 மடங்கு லென்ஸில் குமிழித் துளைகள் தெரிந்தால் பிசினில் வார்த்த போலியோ என்று சந்தேகப்படுங்கள்.

ஓடு பெரும்பாலும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். வினிகர் பட்டால் சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து அதுவும் கரையும்; அமிலத்தின் பக்கமே போகாதீர்கள். விரிசலில் மெல்லிய சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) ஒரு சொட்டு விட்டு, காய்ந்தபின் பிடியில் பொருத்திய ஊசியைச் சாய்வாகப் பிடித்து, ஒட்டியிருக்கும் பாறையை ஓட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். கடைசி 1 மில்லிமீட்டரில் அவசரப்பட்டால் கண் பரப்பு பாறையோடு பெயர்ந்துவிடும். தூசியில் சிலிக்கா இருக்கலாம். என்95 முகக்கவசம் கட்டாயம். உதிரும் ஓட்டுக்கு அசிட்டோனில் கரைத்த 5% பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பூசலாம். வேண்டாமென்றால் அசிட்டோனாலேயே நீக்கிவிடலாம்.