பீத்தோவன் முடி என்று வாங்கப்பட்ட பெண்ணின் முடி: பழைய முடிக்கற்றை சேகரிப்போர் தவறும் இடங்கள்

1994 டிசம்பரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில், கண்ணாடியிட்ட நீள்வட்டச் சட்டத்துக்குள் இருந்த ஒரு முடிக்கற்றையை இரண்டு அமெரிக்கர்கள் சுமார் 7,300 டாலருக்கு வாங்கினார்கள். இசைமேதை பீத்தோவன் இறந்த மறுநாள், அதாவது 1827 மார்ச் 27 அன்று, பதினைந்து வயது மாணவனாக இருந்த ஃபெர்டினாண்ட் ஹில்லர் அதை வெட்டி எடுத்தார் என்றும், 1883இல் தமக்குப் பிறந்தநாள் பரிசாகத் தந்தார் என்றும் ஹில்லரின் மகன் கைப்பட எழுதிய குறிப்பு அதனுடன் இருந்தது. அந்த முடியில் ஈயம் மிகுந்திருப்பதாக ஆய்வகங்கள் கண்டறிந்தன. பீத்தோவனின் நோய்களுக்கெல்லாம் ஈய நஞ்சே காரணம் என்ற கருத்து இதைக்கொண்டே உலகெங்கும் பரவியது. 2023இல் வெளியான மரபணு ஆய்வு, அது ஒரு பெண்ணின் முடி என்று காட்டியது.

இத்தனைக்கும் ஹில்லர் வியன்னாவுக்குச் சென்றதும் பீத்தோவனைப் பார்த்ததும் மெய். மகன் எழுதிய குறிப்பை யாரும் போலி என்று சொல்லவில்லை. சேகரிப்பாளர்கள் அதிகம் செய்யும் தவறு இங்கேதான் இருக்கிறது: தொடக்கக் கதை நம்பும்படி இருந்தால் நடுவில் உள்ள வெற்றிடத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். 1911இல் கொலோன் நகரில் அந்தச் சட்டம் திறக்கப்பட்டு மறுபடியும் ஒட்டப்பட்டது. அதன்பின் 1943இல், நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய யூதர்களுக்கு டென்மார்க்கின் கடலோர ஊர் ஒன்றில் உதவிய மருத்துவர் ஒருவரின் கையில்தான் அது மீண்டும் தென்படுகிறது. இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகள் அது யாரிடம் இருந்தது என்பதற்குச் சான்று இல்லை. திறந்து மூடப்பட்ட பெட்டியையும் கணக்கில்லாத ஆண்டுகளையும் ஒருசேரக் கண்டால், வாங்குபவர் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அவற்றைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

அதே 2023 ஆய்வில், பீத்தோவனுடையவை எனப்பட்டுச் சோதிக்கப்பட்ட எட்டுக் கற்றைகளில் ஐந்து ஒரே ஆணுடையவை என்று தெரிந்தது. அவற்றுள் ஒன்றின் வரலாறு சுவையானது. 1826இல் பியானோ கலைஞர் அன்டோன் ஹால்மின் மனைவி பீத்தோவனின் முடி வேண்டும் என்று ஆசைப்பட, விளையாட்டாக ஆட்டுமுடியை அனுப்பிவைத்தார்கள். விஷயம் வெளிப்பட்டதும் பீத்தோவன் தாமே தம் முடியை வெட்டிக் கொடுத்தார். ஒருமுறை ஏமாந்த குடும்பம் இரண்டாவது கற்றையைக் கவனமாகப் பாதுகாத்ததில் வியப்பில்லை. 2024இல் இந்தக் கற்றையையும் மெய்யென உறுதியான இன்னொன்றையும் சோதித்தபோது, அவற்றிலும் ஈயம் இயல்பான அளவைவிடப் பன்மடங்கு இருந்தது என்பது வேறு கதை. முடிவு ஓரளவு சரியாக அமைந்துவிட்டதால், தவறான கற்றையை நம்பியது சரியாகிவிடாது.

நல்ல கைமாறிய வரலாறு எப்படி இருக்கும் என்பதற்கு, நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரி நூலகத்தில் 2017 இறுதியில் கிடைத்த ஜார்ஜ் வாஷிங்டனின் முடியைச் சொல்லலாம். 1793ஆம் ஆண்டுக்கான ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் சிறு உறை ஒன்று இருந்தது; அதற்குள் ஒற்றை நூலால் கட்டப்பட்ட சில நரைமுடிகள். வாஷிங்டனின் முடி, ஜேம்ஸ் ஹாமில்டன் தந்தது, அவருக்கு அவருடைய தாய் தந்தது என்று 1871 ஆகஸ்ட் 10 தேதியிட்டு உறைமேல் எழுதியிருந்தது. அந்தத் தாய், வாஷிங்டனுடன் நெருங்கிப் பழகிய அலெக்சாண்டர் ஹாமில்டனின் மனைவி எலைசா. பஞ்சாங்கமோ எலைசா பிறந்த ஸ்கைலர் குடும்பத்துக்கு உரியது. உறை, கையெழுத்து, தேதி, புத்தகம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அழகாக இருக்கட்டும் என்று முடியை மட்டும் புதுச் சட்டத்துக்கு மாற்றி, கிழிந்த உறையைக் குப்பையில் போடுபவர் தம் சேகரிப்பின் பெரும்பகுதி மதிப்பையும் அதனுடன் சேர்த்தே எறிகிறார். ஒரு கற்றையைத் தனித்தனி இழைகளாகப் பிரித்து அட்டையில் ஒட்டி விற்பதும் இதைப் போன்றதே. என்னைக் கேட்டால், அத்தகைய ஓர் இழையைச் சான்றிதழுடன் இலவசமாகக் கொடுத்தாலும் அதை வரலாற்றுப் பொருளாகக் கொள்ளத் தயங்குவேன்.

அன்புக்குரியவரின் நினைவாக அவர் முடியைக் கொண்டு செய்த விக்டோரியா காலத்து முடி நகைகளில் சிக்கல் வேறுவிதமானது. பின்னல் வேலைக்கு நீளமான முடி நிறையத் தேவைப்பட்டது. நம் ஊரில் சவுரிக்கு முடியை எடைபோட்டு வாங்குவதுபோல அங்கும் முடி வணிகம் எடைக்கணக்கில் நடந்தது. கொடுத்த முடிக்குப் பதிலாகக் கடைக்காரர் வேறு முடியை வைத்துவிடுவாரோ என்ற அச்சம் அக்காலத்து மக்களுக்கே இருந்தது; 1867இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கைவேலை நூல், நீங்களே பின்னினால் அது உங்கள் அன்புக்குரியவரின் முடிதான் என்ற மனநிறைவு கிடைக்கும் என்று சொல்லியே வாசகரை அழைத்தது. ஆகவே ப்ரூச்சின் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகையின்) பின்புறம் பொறித்த பெயரும் தேதியும் நகை யார் நினைவாகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளிருக்கும் முடி அவருடையதுதான் என்று மெய்ப்பிக்காது.

சோதனை விஷயத்தில் இரு எல்லைகளிலும் தவறு நடக்கிறது. ஓர் இழையை எரித்து முகர்ந்து பார்ப்பதால் பயனில்லை. மனித முடியும் குதிரை முடியும் கெரட்டின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை, இரண்டும் ஒரே மாதிரித்தான் நாறும். நுண்ணோக்கியில் வைத்தால் இழைக்குச் சேதமின்றி வேறுபாடு தெரியும்: விலங்கு முடிகள் பலவற்றில், இழையின் மையத்தில் ஓடும் நடுத்தண்டு அகலமாக இருக்கும், மனித முடியில் அது மெல்லிய கோடாகவோ விட்டுவிட்டோ இருக்கும். மறுபுறம், மரபணுச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புவதும் பிழை. வெட்டிய முடியில் வேர் இராது. நகைக்காகச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்த முடியில் மரபணு மேலும் சிதைந்திருக்கும். அதுவும் கிடைத்துவிட்டால்கூட, ஒப்பிட இன்னொரு மாதிரி வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. முடியைக் கழுவக் கூடாது, செலோடேப் ஒட்டக் கூடாது, வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. அமிலமற்ற தாளில் மடித்து, கம்பளியை அரிக்கும் பூச்சிகள் அண்டாமல் அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்த பிறகும், அந்த முடி எப்படி எடுக்கப்பட்டது என்ற கேள்வி இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடித் தலைவர் சிட்டிங் புல் 1890இல் கொல்லப்பட்டபின் ராணுவ மருத்துவர் ஒருவர் அவர் உடலிலிருந்து வெட்டி எடுத்த முடியை, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 2007இல் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்தது. எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் தெவொத்ரோசின் முடி, 1868இல் மக்தலாவில் பிரிட்டிஷ் படையின் வெற்றிக்குப்பின் எடுக்கப்பட்டது. லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்கு அது 1959இல் வந்து சேர்ந்தது. அது யாருடையது, எங்கிருந்து, யார் வழியாக வந்தது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அதனாலேயே எத்தியோப்பிய அரசு அதை உரிமையுடன் கேட்க முடிந்தது. அருங்காட்சியகமும் 2019 மார்ச்சில் அதை ஒப்படைத்தது.