எதிர்ப்பும் சண்டையும்: ஆங்கிலச் சொற்களைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

கிரேக்கம் கற்க ஆரம்பித்து, சின்னச் சின்ன வாக்கியங்களை மொழிபெயர்த்துப் பார்க்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்காக இது. பேச்சு முழுக்க இன்றைய கிரேக்கத்தைப் பற்றியதுதான். அகைன்ஸ்ட், ஃபைட், கான்ஃப்ளிக்ட், அப்போசிஷன் என்று ஆங்கிலத்தில் ஒரு கைப்பிடிச் சொற்கள் எல்லா வேலையையும் செய்துவிடுகின்றன. கிரேக்கத்தில் அந்த வேலைகளைத் தனித்தனிச் சொற்கள் பார்க்கின்றன.

உச்சரிப்பு பற்றி முதலில் ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம்தான் உண்டு. அழுத்தம் விழும் உயிரை நான் நெடிலாக எழுதியிருக்கிறேன். எழுத்து இரட்டித்திருந்தால் வல்லோசையோடு படிக்கவும். 'ந்த' என்பதை நாம் 'பந்து' என்று சொல்வதுபோலவே சொன்னால் போதும், கிரேக்கரும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள்.

படி 1: அகராதியைத் திறக்கும் முன் தமிழில் சொல்லிப் பாருங்கள்

கான்ஃப்ளிக்ட் என்று வந்தால் அது போரா, மோதலா, முரண்பாடா, வாய்ச்சண்டையா? தமிழில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பதால் பொருள் தானாகத் தெளிந்துவிடும். போர் என்றால் 'போலெமொஸ்'. மோதல் என்றால் 'ஸீங்க்ருஸி'. முரண்பாடு என்றால் 'அந்தீஃபஸி'. வாய்ச்சண்டை என்றால் துருக்கியிலிருந்து வந்த 'கவ்காஸ்'.

இதில் ஸீங்க்ருஸி நமக்கு ரொம்ப வசதியான சொல். இரண்டு கார்கள் மோதிக்கொண்டாலும் அதுதான், இரண்டு தரப்புகள் மோதிக்கொண்டாலும் அதுதான்; நம்முடைய மோதல் மாதிரியே. நலன்கள் ஒன்றோடொன்று மோதும் நிலையைக் குறிக்கும் சட்டச் சொல்லும் இதை வைத்தே அமைந்திருக்கிறது: 'ஸீங்க்ருஸி ஸிம்ஃபெரோந்தொன்'.

அப்போசிஷனுக்கும் இதே முறைதான். நாடாளுமன்ற எதிர்க்கட்சி என்றால் 'அந்திப்பொலீத்தெஃப்ஸி'. இரண்டு கருத்துகள் எதிரெதிராக நிற்பது 'அந்தீதெஸி'. அடக்குமுறைக்கு எதிரான எதிர்ப்பு 'அந்தீஸ்தஸி'. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்துக்கும் இந்தப் பெயர்தான். வெந்நீர்க் கொதிகலனுக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியையும் கிரேக்கர்கள் அந்தீஸ்தஸி என்றே சொல்வார்கள், ஆகவே பிளம்பர் அந்தீஸ்தஸி போய்விட்டது என்றால் அரசியல் பேசுகிறார் என்று எண்ண வேண்டாம். தெருவுக்கு எதிர்ப்புறம் இருக்கும் வீடா? அதற்கு 'அப்பேனந்தி'.

படி 2: அகைன்ஸ்ட்டைப் பிரியுங்கள், வேற்றுமையைக் கவனியுங்கள்

அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

'கத்தா' என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் ஆறாம் வேற்றுமை வந்தால் 'எதிராக' என்று பொருள். இரண்டாம் வேற்றுமை வந்தால் 'போது' அல்லது 'படி' என்று மாறிவிடும். 'கத்தா து பொலேமு' என்றால் போருக்கு எதிராக. 'கத்தா தொன் போலெமொ' என்றால் போரின்போது! அழுத்தம் இடம் மாறியிருப்பதையும் பாருங்கள். ஆறாம் வேற்றுமையில் அது ஒரு அசை தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. வேற்றுமையில் கோட்டைவிட்டால், போரை எதிர்த்தவர் போர்க்காலத்தில் சும்மா இருந்தவர் ஆகிவிடுவார்.

கத்தா கொஞ்சம் எழுத்து வழக்குச் சாயல் உள்ளது. செய்தித் தலைப்புகளிலும் மருத்துவத்திலும் நிறைய வரும்: ஃப்ளூ தடுப்பூசி 'எம்வோலியொ கத்தா திஸ் க்ரீப்பிஸ்'. 'நான் இதற்கு எதிர்' என்று சுருக்கமாகச் சொல்ல 'ஈமெ கத்தா' போதும், பின்னால் எதுவுமே தேவையில்லை.

ஒரு ஆளுக்கோ அணிக்கோ எதிராக என்றால் 'எனந்தீயொன்' இயல்பாக இருக்கும். இதற்கும் ஆறாம் வேற்றுமைதான். 'எனாந்திய' என்று ஒரு தம்பி உண்டு. அது 'ஸெ' என்ற இடைச்சொல்லைச் சேர்த்துக்கொண்டு இரண்டாம் வேற்றுமையை எடுக்கும்: 'எனாந்திய ஸ்தொன் போலெமொ' ('ஸெ'வும் 'தொன்'னும் சேர்ந்ததுதான் 'ஸ்தொன்'). பேச்சில், முக்கியமாக நீரோட்டத்துக்கு எதிராகப் போவது போன்ற இடங்களில், இத்தாலிய வழி வந்த 'கோந்த்ர' உயிரோட்டமாக இருக்கும்: 'கோந்த்ர ஸ்தொ ரேவ்ம'.

சுவரில் சாய்ந்து நிற்பதற்கும் ஆங்கிலம் அகைன்ஸ்ட்தான் போடும். அங்கே எதிர்ப்பு எதுவும் இல்லை, வெறும் 'ஸெ' போதும்.

படி 3: 'அந்தி' எல்லாமே எதிரி இல்லை

முன்னொட்டாக 'அந்தி' வந்தால் 'எதிர்' என்று போட்டுவிடத் தோன்றும். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். 'அந்தீப்பலொஸ்' எதிராளி, 'பாலி' என்றால் மல்யுத்தம், அதிலிருந்து வந்தது. 'அந்தீதிக்கொஸ்' வழக்கில் எதிர்த்தரப்பு.

ஆனால் அந்த முன்னொட்டுக்குப் பழைய பொருள் ஒன்று இருக்கிறது: 'பதிலாக'. 'அந்திப்ரோஎத்ரொஸ்' துணைத் தலைவர்தான், தலைவரின் எதிரி அல்ல. 'அந்திதீமர்ஹொஸ்' துணை மேயர். (இருவருக்கும் உள்ளுக்குள் என்ன பகையோ, அது வேறு கதை.) 1944 கடைசியிலிருந்து 1946 வரை பேராயர் தமஸ்கினோஸ் கிரேக்க நாட்டின் 'அந்திவஸிலேயஸ்' ஆக இருந்தார். எதிர் அரசர் என்று மொழிபெயர்த்தால் பேராயரைக் கலகக்காரர் ஆக்கிவிடுவீர்கள். அரசர் ஊரில் இல்லாதபோது அவர் இடத்தில் இருந்து பொறுப்பைப் பார்த்தவர் அவர். தனிச்சொல்லாக வரும்போதும் அப்படித்தான்: 'அந்தீ யா த்ஸாயி' என்றால் தேநீருக்குப் பதிலாக. தேநீர் எதிர்ப்பு இயக்கம் இல்லை.

படி 4: ஃபைட் வந்தால் யார் யாரோடு என்று கேளுங்கள்

கணவன் மனைவி, அண்ணன் தம்பி சண்டை என்றால் 'த்ஸக்கோனொமெ' அல்லது 'மலோனொ'. இந்த மலோனொ சூழ்ச்சிக்காரச் சொல். 'இ மித்தேர மாலொஸெ தொ பெதீ' என்றால் அம்மா பிள்ளையைத் திட்டினாள். நடுவில் 'மெ' சேர்த்து 'மாலொஸெ மெ தொ பெதீ' என்றால் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

நோயோடும் வறுமையோடும் போராடுவது 'பலேவொ'. போரில் சண்டையிடுவது 'பொலெமோ'. கொள்கைக்கான போராட்டம், பெயர்ச்சொல்லாக, 'அகோனஸ்'. 1821 விடுதலைப் போரைக் கிரேக்கர்கள் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டமும் அகோனஸ்தான்.

இங்கே தமிழை நம்பி ஏமாறவும் இடம் இருக்கிறது. 'பிரிட்டிஷாருடன் போரிட்டார்கள்' என்றால் தோளோடு தோள் நின்றா, எதிர்த்தா? ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான். கிரேக்க வரலாற்றில் இரண்டுமே நடந்திருக்கிறது: 1941-ல் ஜெர்மானியரை எதிர்த்து இரு படைகளும் ஒன்றாக நின்றன; 1944 டிசம்பரில் ஏதென்ஸ் தெருக்களில் இடதுசாரிப் படையினர் பிரிட்டிஷாரையே எதிர்த்துச் சுட்டார்கள். முதலாவதற்கு 'பொலேமிஸன் மஸீ மெ துஸ் வ்ரெத்தனூஸ்'. இரண்டாவதற்கு 'பொலேமிஸன் எனந்தீயொன் தொன் வ்ரெத்தனோன்'. ஆண்டைப் பார்க்காமல் மொழிபெயர்க்காதீர்கள்.

படி 5: சரியான அகராதியில் சரிபாருங்கள்

இணையத்தில் தேடினால் லிடெல்-ஸ்காட் அகராதி முதலில் வந்து நிற்கும். அருமையான புத்தகம், ஆனால் பழைய கிரேக்கத்துக்கு. கி.மு. 427-ல் கொர்ஃபு தீவில் நடந்த உள்நாட்டுக் கலகத்தைப் பழங்கால வரலாற்றாசிரியர் துசிடிடஸ் 'ஸ்தாஸிஸ்' என்று எழுதினார். இன்று 'ஸ்தாஸி' என்று பலகை இருந்தால் அங்கே பெரும்பாலும் பேருந்து நிற்கும். 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வேறு சொல்: 'எம்ஃபீலியொஸ்'.

இன்றைய மொழிக்கு, 1998-ல் வெளிவந்த திரியந்தஃபிலீதிஸ் நிறுவன அகராதி கிரேக்க மொழி வலைவாசலில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த வேற்றுமை எடுக்கும் என்றும் அதில் பார்த்துக்கொள்ளலாம். சட்ட, அரசியல் சொற்களுக்கு யூர்-லெக்ஸ் தளத்தில் ஐரோப்பிய ஒன்றிய ஆவணங்களை ஆங்கிலமும் கிரேக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எனக்கு அகராதியைவிட இதுவே பிடிக்கும். சொல் வாக்கியத்துக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிகிறது.

சரி, ஒரு பயிற்சி. 'எதிர்க்கட்சி மசோதாவுக்கு எதிராக வாக்களித்தது.' இதுவரை படித்ததை வைத்து கத்தாவையும் ஆறாம் வேற்றுமையையும் தேடிக்கொண்டிருப்பீர்கள். செய்தியாளர்கள் பெரும்பாலும் ஒரே வினைச்சொல்லில் முடித்துவிடுவார்கள்: 'இ அந்திப்பொலீத்தெஃப்ஸி கத்தப்ஸீஃபிஸெ தொ நொமொஸ்ஹேதியொ'. கத்தா வினைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது, மசோதா இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. ஆதரித்து வாக்களித்திருந்தால் 'இப்பெர்ப்ஸீஃபிஸெ'.