புரோடாக் இணைப்பியை வடிவமைப்பது எப்படி? எம்இசட்1 வழியாக ஒரு தொடக்கப் பாடம்

புரோடாக் என்பது இரண்டு முனை கொண்ட மூலக்கூறு. ஒரு முனை நாம் ஒழிக்க நினைக்கும் புரதத்தைப் பிடிக்கும். மறுமுனை செல்லுக்குள் இருக்கும் ஈ3 லிகேஸ் நொதியைப் பிடிக்கும். இரண்டும் நெருங்கினால் இலக்குப் புரதத்தின் மேல் யூபிகுவிட்டின் என்ற சிறு அடையாளப் புரதம் ஏறும், செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அதைச் சிதைத்துவிடும். 2001-இல் இந்த யோசனை முதன்முதலில் மெய்ப்பிக்கப்பட்டது.

புதிதாக வருபவர்கள் முனைகளையே பார்க்கிறார்கள். நடுவில் உள்ள இணைப்பியைப் படிக்க, டண்டீ பல்கலைக்கழகத்தில் அலெசியோ சியுல்லி குழு 2015-இல் வெளியிட்ட எம்இசட்1-ஐ எடுத்துக்கொள்வோம். பிஆர்டி4 புரதத்தைப் பிடிக்கும் ஜேக்யூ1 ஒரு முனை, வி.எச்.எல். என்ற ஈ3 லிகேஸைப் பிடிக்கும் லிகண்ட் (புரதத்தில் ஒட்டும் சிறு மூலக்கூறு) மறுமுனை.

படி 1: கட்டும் இடம்

லிகண்ட் புரதத்தோடு சேர்ந்திருக்கும் படிக அமைப்பைத் திரையில் திறந்து, லிகண்டின் எந்தப் பகுதி நீரை நோக்கி வெளியே நிற்கிறது என்று பாருங்கள். ஜேக்யூ1-இல் அது எஸ்டர் முனை. குழிக்குள் புதைந்த இடத்தில் கட்டினால் பிடிமானமே போய்விடும்.

படி 2: நீளம்

தொடக்கத்துக்கு பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலி நல்லது. நீரில் கரைய உதவும், பல நீளங்களில் விலைக்குக் கிடைக்கும். ஓர் அலகு கூடினால் மூன்று அணுக்கள் கூடும். ஒரே நீளத்தை நம்பாதீர்கள்; எம்இசட்1-இல் மூன்று அலகு, அதன் உடன்பிறப்பு எம்இசட்2-இல் நான்கு. குறுகினால் இரு புரதங்களும் முட்டிக்கொள்ளும், நீண்டால் சேர்ந்து நிற்காமல் விலகி அலையும். இரண்டு முதல் ஐந்து அலகு வரை ஒரு வரிசையாகச் செய்து பாருங்கள். இடையில் கார்பன் மட்டுமே உள்ள சங்கிலி ஒன்றையும் சேருங்கள்.

படி 3: இணைப்பு

ஒரு முனையில் அசைடும் மறுமுனையில் அமிலமும் உள்ள பெக்கை வாங்குங்கள். அமில முனையை வி.எச்.எல். லிகண்டின் அமீனோடு அமைடாக்குங்கள். ஹாட்டு போன்ற இணைப்பு வினைப்பொருள் போதும். பிறகு அசைடை அமீனாக ஒடுக்கி, எஸ்டர் நீக்கிய ஜேக்யூ1 அமிலத்தோடு இன்னோர் அமைடு.

படி 4: சோதனை

செல்களில் பல செறிவுகளில் கொடுத்து வெஸ்டர்ன் பிளாட்டில் புரத அளவைப் பாருங்கள். செறிவு மிகவும் ஏறினால் சிதைவு குறையும்: ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனி மூலக்கூறு பிடித்துக்கொள்வதால் மூன்றும் சேர்ந்த கூட்டமைப்பு உருவாகாது. இதைக் கண்டு மூலக்கூறு தோற்றது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வி.எச்.எல்.-ஐப் பிடிக்காத இணை மூலக்கூறு கட்டாயம் வேண்டும். எம்இசட்1-க்கு சிஸ்-எம்இசட்1 அந்த வேலையைச் செய்கிறது: ஹைட்ராக்சிபுரோலினில் ஒரு ஹைட்ராக்சில் மட்டும் திசை மாறியிருக்கும். அதுவும் புரதத்தைக் குறைத்தால், நீங்கள் பார்ப்பது வி.எச்.எல். வழியான சிதைவு அல்ல, வேறு ஏதோ.

படி 5: மடிப்பைப் படித்தல்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஜேக்யூ1 ஒரே குடும்பப் புரதங்களான பிஆர்டி2, பிஆர்டி3, பிஆர்டி4 மூன்றையும் ஏறக்குறைய ஒரே வலுவோடு பிடிக்கும். எம்இசட்1-ஓ பிஆர்டி4-ஐத்தான் அதிகம் சிதைக்கிறது. 2017-இல் வந்த, எம்இசட்1 பிஆர்டி4-ஓடும் வி.எச்.எல்.-ஓடும் சேர்ந்திருக்கும் 5டி35 என்ற படிக அமைப்பு காரணத்தைக் காட்டியது: இணைப்பி மடிந்து நிற்க, இரு புரதங்களும் ஒன்றையொன்று நேராகத் தொடுகின்றன. அந்த அமைப்பைப் பார்த்தே வேறோர் இடத்திலிருந்து இணைப்பியை எடுத்து ஏடி1 என்ற புரோடாக் வடிவமைக்கப்பட்டது. பிஆர்டி4-க்கான அதன் தேர்வுத்திறன் இன்னும் கூடியது.

நல்ல நீளம் கிடைத்ததும் இணைப்பியின் விறைப்பைக் கூட்டுங்கள். பெக் உடலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் ஆளாகும். மார்பகப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட வெப்டெஜெஸ்ட்ரன்ட் என்ற புரோடாக்கின் இணைப்பியில் பெக்கே இல்லை. பைப்பெரிடின், பைப்பரசின் வளையங்கள்தான். வளையம் மாற்றிய ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நான்காம் படியை முழுதாக மறுபடி செய்யுங்கள்.