கல்லறைத் தோட்டத்தில் பூட்டனைத் தேடுவது எப்படி? நெல்லைச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு செய்முறை

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வேர் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பதிவேடு இருக்கும் இடமும் கேட்க வேண்டிய ஆளும் மட்டும் மாறும். தாத்தாவின் அப்பாவுக்கு மேலே ஒரு பெயர்கூடத் தெரியாமல் இருந்த எங்கள் வீட்டில், இந்த வழியில் போய் இன்னும் இரண்டு தலைமுறையைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடுவது பெயரை அல்ல, தேதியை. நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். ஞானமுத்து மகன் தேவசகாயம், தேவசகாயம் மகன் ஞானமுத்து என்று ஒரே இரண்டு பெயர்கள் நூறு வருஷம் மாறி மாறி வரும். ஒரே தோட்டத்தில் மூன்று ஞானமுத்து இருந்தால் உங்கள் ஆள் யார் என்பதைத் தேதிதான் சொல்லும். அந்தத் தேதியை வைத்துத்தான் ஆலயப் பதிவேட்டுக்குள் போக முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பெரியவர்களிடம் கேட்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூடவே பழைய வேதாகமத்தைக் கேளுங்கள். முன்பக்கம், கடைசிப் பக்கம், இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவில் உள்ள வெற்றுத்தாள் ஆகியவற்றில் பிறப்பும் இறப்பும் எழுதி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. மூத்த மகன் வீட்டில் இல்லையென்றால் கடைசி மகள் வீட்டில் இருக்கலாம்.

எந்த ஊர், எந்த மிஷன்

"எங்க பூர்வீகம் நாசரேத் பக்கம்" என்பது போதாது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் இரண்டு ஆங்கிலிக்கன் சங்கங்கள் வேலை செய்தன. நாசரேத், முதலூர், இடையன்குடி, சாயர்புரம் ஆகியவை எஸ்பிஜி (நற்செய்தி பரப்பும் சங்கம்). பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம், பண்ணைவிளை, டோனாவூர் ஆகியவை சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சங்கம்). அடுத்தடுத்த ஊர்களாக இருந்தாலும் நிர்வாகம் வேறு, காகிதங்கள் போய்ச் சேர்ந்த இடமும் வேறு. 1896ல் திருநெல்வேலித் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதி) உருவானது. 1947ல் தென்னிந்தியத் திருச்சபை வந்தது. 2003ல் தூத்துக்குடி–நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்தது. ஆகவே உங்கள் ஊர் இன்று எந்தத் திருமண்டலம், எந்தச் சேகரம் (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகள்) என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் ஊர்ச் சபை முன்பு பக்கத்து ஊர்ச் சேகரத்தின் கீழ் இருந்திருந்தால் பழைய பதிவேடு அந்த ஊரில்தான் இருக்கும்.

மிஷனரிகளின் கல்லறைகள் நன்றாகவே பராமரிக்கப்படுகின்றன. கால்டுவெல் 1891ல் கொடைக்கானலில் இறந்தார். இடையன்குடி ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். 1905ல் ஜே. ஜே. காட்டன் தொகுத்த கல்லறை எழுத்துகள் நூலிலும் பெரும்பாலும் ஐரோப்பியர்தான். நம் உபதேசியார்களும் (ஊர்ச் சபைகளில் போதித்தவர்கள்) பனையேறிகளும் வாத்தியார்களும் ஊருக்கு வெளியே, உடைமரத்துக்கு அடியில் கிடக்கிறார்கள். அவர்களை யாரும் பட்டியல் போடவில்லை. நாம்தான் போட வேண்டும்.

அனுமதியும் நேரமும்

சேகரகுருவிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர் சில வருஷங்களில் மாறிப் போகக்கூடியவர். தோட்டத்தை உண்மையில் அறிந்தவர் கோயில்பிள்ளையும் (ஆலயப் பணியாளர்) குழி வெட்டுகிறவரும்தான். எந்த மூலை பழசு, எங்கே பழைய குழியைத் திரும்பத் தோண்டினார்கள், எந்தச் சுவர் பிறகு வந்தது என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருக்கிறது. அவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குங்கள்.

போவதற்கு ஏற்ற காலம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளை ஒட்டிய நாட்கள். புதர் வெட்டியிருப்பார்கள், பாம்பு பயம் குறைவு, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களும் வந்திருப்பார்கள். உங்கள் கல்லுக்குப் பக்கத்துக் கல்லுக்கு மாலை போட வருகிறவர் உங்களுக்குத் தூரத்துச் சித்தப்பாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும்: அன்றைக்கு வெள்ளை அடித்திருந்தால் எழுத்து மூடிப்போகும். கல் படிக்க வேண்டுமென்றால் இரண்டு, மூன்று நாள் முன்னாலேயே போய்விடுங்கள்.

கல்லைச் சுத்தம் செய்வது

பச்சைத் தண்ணீர், மென்மையான புதுப் பெயிண்ட் பிரஷ், பருத்தித் துணி. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் மூன்றும் கல்லைக் கெடுக்கும். எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. நம் பக்கத்துப் பழைய கல்லறைகள் பல, செங்கல் கட்டி மேலே சுண்ணாம்புக் காரை பூசியவை. காரை ஈரமாக இருந்தபோது கீறிய எழுத்து அது. ஒருமுறை சுரண்டினால் பெயரே உதிர்ந்துவிடும். தாள் வைத்துப் பென்சில் தேய்த்துப் படி எடுப்பதும் காரைக்கு ஆகாது.

சுரண்டுவதற்குப் பதில் வெளிச்சத்தை மாற்றுங்கள். உச்சிவெயிலில் நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாத கல், காலை ஏழு மணிச் சாய்வெயிலில் முழு வரியாகப் பேசும். மதியம்தான் போக முடியும் என்றால் கறுப்புக் குடையால் கல்லுக்கு நிழல் கொடுத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி விடுவது இன்னும் நல்லது. போனில் எழுத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளைவிட இந்தக் கண்ணாடியைத்தான் நான் நம்புகிறேன். செயலி சிலசமயம் கல்லில் இருக்கும் வெடிப்பையும் எழுத்தாக்கிக் காட்டிவிடும்.

தேதியைப் படிப்பது (நிதானமாக வாசியுங்கள்)

என் தேடல் நெடுநாள் நின்றுபோன இடம் இதுதான். எங்கள் பூட்டனார் கல் என்று ஊரில் காட்டிய கல்லில், பெயருக்குக் கீழே "கஅஎஎ" என்பது போல நான்கு எழுத்து கறுப்புப் பெயிண்டில் இருந்தது. யாருக்கும் பொருள் தெரியவில்லை. வீட்டுப் பெயரின் சுருக்கம் என்று ஒரு பெரியப்பா சொன்னார். அது 1877. தமிழ் எண்கள் எழுத்தைப் போலவே இருப்பதால் வந்த குழப்பம்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்: ௧ 1, ௨ 2, ௩ 3, ௪ 4, ௫ 5, ௬ 6, ௭ 7, ௮ 8, ௯ 9. கல்லில் இவை முறையே க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ போலத் தெரியும். ௰ பத்து, ய போல இருக்கும். ௱ நூறு, ௲ ஆயிரம்.

எழுதும் முறை இரண்டு உண்டு. இன்று நாம் எழுதுவது போல இலக்கத்தை வரிசையாக வைப்பது ஒன்று: ௧௮௭௭. பழைய முறையில் ஆயிரம், நூறு, பத்து எல்லாவற்றுக்கும் குறி போடுவார்கள்: ௲௮௱௭௰௭. ஆயிரத்துக்கு முன்னால் ஒன்று போட மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நாளைக் குறிக்கும்போது ௰௨ என்றால் 12, ௨௰௩ என்றால் 23. ஆண்டு, மாதம், நாளுக்குத் தனிக் குறிகளும் இருக்கும்: ௵, ௴, ௳. "௧௮௭௭ ௵ மாசி ௴ ௰௨ ௳" என்று இருந்தால் 1877ஆம் வருஷம் மாசி மாதம் 12ஆம் நாள். ஆங்கிலக் கணக்கில் பிப்ரவரியின் பிற்பகுதி.

அடுத்த சிக்கல், எந்த ஆண்டுக் கணக்கு என்பது. தென் நெல்லையில் கேரளத்தின் கொல்லம் ஆண்டு புழங்கியது. கல்லில் 1052 என்று இருந்தால் திகைக்க வேண்டாம். இங்கே கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824ஐயும், ஜனவரி முதல் ஆடி வரை 825ஐயும் கூட்டுங்கள். கொல்லம் 1052 மாசி என்பது 1877 மாசி.

அறுபது வருஷப் பெயரும் வரலாம். தாது வருஷம் என்றால் 1876–77. பஞ்சத்தால் அந்தப் பெயரை நம் ஆச்சிமார் மறக்கவில்லை. ஆனால் அதே தாது 1816லும் 1936லும் வருகிறது. எந்தச் சுற்று என்று கல்லின் வகை, எழுத்தின் அமைப்பு, பக்கத்துக் கல்லின் ஆண்டு மூன்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெயிண்டை நம்பாதீர்கள். பேரன்மார் வருஷா வருஷம் கறுப்பு மை தீட்டும்போது, தமிழ் எண் தெரியாத கை ௬ஐ ௭ ஆகவும் ௪ஐ ௬ ஆகவும் மாற்றியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள். உளி போன வழிதான் உண்மையான எழுத்து.

பெயரைப் படிப்பதிலும் கவனம் தேவை. பழைய கல்லில் புள்ளி இருக்காது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை 1978 சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் இருக்கும். புரியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல், பார்த்தபடியே வரைந்து கொள்ளுங்கள்.

படமும் குறிப்பும்

ஒவ்வொரு கல்லுக்கும் தூரப்படம், நேர்ப்படம், எழுத்தின் அண்மைப்படம். பிறகு சுற்றிலும் உள்ள கற்களையும் எடுங்கள். கூடவே நோட்டில் ஒரு வரைபடம்: வாசல் எங்கே, கிணறு எங்கே, எந்த வரிசையில் எத்தனையாவது. போனில் பதியும் இருப்பிடம் அருகருகே உள்ள கற்களைப் பிரித்துக் காட்டாது. பைண்ட் எ கிரேவ், பில்லியன் கிரேவ்ஸ் தளங்களில் நம் கிராமத்துத் தோட்டங்கள் குறைவு. நீங்கள் ஏற்றலாம், ஆனால் அண்மையில் இறந்தவர்களின் கல்லை அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

கல் இல்லையென்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெரும்பாலானோருக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான். குழந்தைகளுக்கு அதுவும் இல்லை. பஞ்சக் காலத்தில் இறந்தவர்களுக்குக் கல் வைக்க வீட்டில் யாரிடம் பணம் இருந்திருக்கும்?

பதிவேட்டுக்குள்

தேதி கையில் கிடைத்ததும் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். "என் தாத்தா பற்றி ஏதாவது இருக்கா ஐயா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். "1877 பிப்ரவரி, மார்ச் பக்கங்களை மட்டும் பார்க்கலாமா?" என்று கேட்டால் பீரோ திறக்கும். நம் ஊர் வெயிலில் இறந்த அன்றோ மறுநாளோ அடக்கம் முடிந்துவிடும் என்பதால் தேதி மிக நெருக்கமாகவே பொருந்தும். வயது பொருந்தாமல் போகலாம். 60, 70 என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வயதை வைத்து ஆளை ஒதுக்காதீர்கள்.

அங்கிருந்து பின்னோக்கி ஞானஸ்நானப் பதிவேடு. பெரியவராக ஞானஸ்நானம் பெற்றவர் என்றால், அவருடைய முந்தைய பெயரும் புதுப் பெயரும் ஒரே வரியில் இருக்கும் பதிவேடுகள் உண்டு. அந்த ஒரு வரி கிடைத்தால், மதம் மாறாத பங்காளிகள் வீட்டுக் கதையோடு உங்கள் மரம் சேரும்.

பெண்களைத் தேடுவது கடினம். கல்லிலும் அடக்கப் பதிவிலும் "இன்னார் மனைவி" என்று முடித்திருப்பார்கள். அதனால் திருமணப் பதிவேட்டைப் பிடியுங்கள். 1872ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் படிவத்தில் மணமக்கள் இருவரின் தந்தை பெயருக்கும் இடம் உண்டு. எங்கள் பூட்டியின் சொந்தப் பெயரும் அவர் பிறந்த ஊரும் எங்களுக்குக் கிடைத்தது அந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து ஆண் வழியோடு நிறுத்தாதீர்கள்.

முன்னோர் உபதேசியாராகவோ குருவாகவோ இருந்தால் மிஷனரிகளின் கடிதங்களிலும் அறிக்கைகளிலும் பெயர் வரலாம். சிஎம்எஸ் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், எஸ்பிஜி ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கின்றன.

பின்சேர்க்கை

பின்னூட்டங்களில் அதிகம் பேர் கேட்டது: "பாட்டி கல் இருக்கிறது, தாத்தா கல்லும் இல்லை, பதிவும் இல்லை." இலங்கையை நினையுங்கள். நெல்லையிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும் பின்னால் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஏராளமானோர் போனார்கள். அவர்களுக்கென்றே 1854ல் அங்கே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கி, நெல்லை உபதேசியார்கள் போய் வேலை செய்தார்கள். போனவர் திரும்பவில்லையென்றால் மலையகத்துப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயங்களில் கேளுங்கள். வீட்டில் "கண்டிக்குப் போனவர்" என்ற பேச்சு இருந்ததா என்று ஆச்சியிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

சாயர்புரம் பக்கத்து வாசகர் ஒருவர், பதிவேட்டுத் தாள் தொட்டாலே உடைகிறது என்று எழுதியிருந்தார். பக்கத்தைப் புரட்டாதீர்கள். திறந்த நிலையிலேயே, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கக் குருவானவரிடம் அனுமதி கேளுங்கள். எடுத்த படங்கள் எல்லாவற்றின் நகலையும், தோட்டத்தில் நீங்கள் படித்த கற்களின் பட்டியலையும் சபைக்கே கொடுத்துவிடுங்கள். அடுத்துத் தேடி வருகிறவருக்கு அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க வேண்டியிருக்காது.