கரிஸ்மாவின் தொலைந்துபோன குதிரைகள்: வீட்டிலேயே மீட்கும் வழி

2003-ல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா வந்தபோது 223 சிசி, 17 குதிரைத்திறன் என்பதெல்லாம் நம் ரோட்டுக்குப் பெரிய சங்கதி. 2023-ல் அதே பெயரைத் தாங்கி வந்த எக்ஸ்எம்ஆர், 210 சிசியிலேயே 25-ஐத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய கரிஸ்மாக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பார்ட் மாத்தினா பிக்கப் ஏறும்?"

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பதினைந்து, இருபது வருஷம் ஓடிய வண்டியில் அந்த 17 குதிரையும் லாயத்தில் இருக்காது. டேப்பட் (வால்வு இடைவெளி) இறுகியதில் ஒன்று, கார்புரேட்டரில் இரண்டு, உரசிக்கொண்டே ஓடும் பிரேக்கில் ஒன்று என்று ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கும். முதலில் அவற்றைப் பிடித்துக் கட்டுவோம். புதுக் குதிரை வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இங்கே சொல்வது கார்புரேட்டர் கரிஸ்மாவுக்கு. 2009-ல் வந்த இசட்எம்ஆர் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி; அதை வைத்திருப்பவர்கள் கார்புரேட்டர் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். ஆயில் மாற்றுவது, சீட், டேங்க் கழற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இன்ஜின் செலவுக்குத் தகுதியானதா?

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று கடன் வாங்குங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றி, கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். முள் ஏறி நிற்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முதல் அளவு சர்வீஸ் மேனுவலில் உள்ளதைவிடக் குறைவாக இருந்து, ஆயிலுக்குப் பிறகு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேய்ந்திருக்கிறது. ஏறாமல் அப்படியே குறைவாகவே நின்றால் வால்வு பக்கம் கசிவு.

ரிங் போயிருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு நல்ல லேத் பட்டறையைத் தேடுங்கள். போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடாமல் மேலே என்ன மாட்டினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

டேப்பட்

கரிஸ்மாவில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் உள்ள சாதாரண டேப்பட். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் ஒன்று போதும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்தி, காலையில் செய்வது உத்தமம். பிளக்கைக் கழற்றிவிட்டால் இன்ஜினைச் சுற்றுவது சுலபம்.

ஃப்ளைவீலில் 'டி' குறி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) நேராக வந்தவுடன் கேஜை நுழைக்கப் போகாதீர்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்தக் குறி இரண்டு முறை வரும்: கம்ப்ரஷன் முடிவில் ஒன்று, எக்ஸாஸ்ட் முடிவில் ஒன்று. நமக்கு வேண்டியது கம்ப்ரஷன். வால்வுகளை அமுக்கும் இரண்டு ராக்கரையும் விரலால் அசைத்துப் பாருங்கள். இரண்டிலும் துளி ஆட்டம் இருந்தால் சரியான இடம். இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று.

இடைவெளி அளவை வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்து வையுங்கள். கேஜ் உள்ளே போய், இழுக்கும்போது எண்ணெய் தடவிய தாளை இழுப்பது போல மெல்லப் பிடிக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றும், அளவு மாறிவிடும். இறுக்கிய பிறகு கேஜை மறுபடி விட்டுப் பார்க்காமல் மூடியைப் போடாதீர்கள். டேப்பட் சத்தம் வருகிறதே என்று எக்ஸாஸ்ட் பக்கத்தை இறுக்கி வைக்கிற மெக்கானிக்குகள் உண்டு. வண்டி அமைதியாகிவிடும், ஆனால் சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் கருகும். கொஞ்சம் 'டிக் டிக்' கேட்பதே நல்லது.

கார்புரேட்டர்: பாதி பிரச்சினை இங்கேதான்

அறிகுறி இப்படி இருக்கும். ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் நிற்கும், நாற்பது ஐம்பதில் ஒழுங்காகப் போகும். ஓவர்டேக் செய்ய முறுக்கினால் மட்டும் சத்தம் வரும், வேகம் வராது. பிளக் மாற்றுவார்கள், காயில் மாற்றுவார்கள், கிளட்ச் பிளேட் வரைக்கும் போய்விடுவார்கள். பலமுறை குற்றவாளி ஒரு மெல்லிய ரப்பர்.

கரிஸ்மாவில் இருப்பது சிவி கார்புரேட்டர். இதில் ஆக்ஸிலேட்டர் கேபிள் உள்ளே இருக்கும் ஸ்லைடை நேராகத் தூக்காது. கேபிள் கீழே இருக்கும் பட்டர்ஃபிளை வால்வை மட்டும்தான் திறக்கும். ஸ்லைடை மேலே இழுப்பது இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பிடித்து வைப்பது மேல் மூடிக்கு அடியில் இருக்கும் டயஃப்ரம் ரப்பர். அதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஸ்லைடு பாதியில் நின்றுவிடும். நீங்கள் முழுக்க முறுக்கினாலும் இன்ஜினுக்குக் கிடைப்பது பாதிதான்.

முதலில் ஆயுதம். மேல் மூடி ஸ்க்ரூவுக்குச் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் போட்டால் தலை வழுக்கும். அது ஜப்பான் அளவு, ஜேஐஎஸ். பார்க்க ஒன்றுபோல இருக்கும், பொருந்தாது. வெஸல் கம்பெனியின் ஜேஐஎஸ் டிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்கும் ஒரே விலைகூடிய டூல் இதுதான். மற்றதெல்லாம் தாப்பாரியா போதும்.

மூடியைக் கழற்றும்போது ஸ்பிரிங் துள்ளும், கையால் அமுக்கிக்கொள்ளுங்கள். ஸ்லைடோடு டயஃப்ரத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, மெல்ல விரித்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கேயாவது குத்தினால் மாற்ற வேண்டியதுதான். ஃபெவிக்விக் போட்டு ஒட்டும் வித்தையெல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

டயஃப்ரம் நன்றாக இருந்தால், கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே அதன்மேல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பட்டால் ரப்பர் ஊதும். ஊதிய ரப்பரின் விளிம்பு அதற்கான பள்ளத்தில் உட்காராது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். அமுக்கி மூடியைப் போட்டால் விளிம்பு நசுங்கும், காற்று கசியும். கழற்றுவதற்கு முன்பைவிட வண்டி மோசமாக ஓடும். அப்படி ஆகிவிட்டால் பதறாதீர்கள். ரப்பரை நிழலில் காற்றாட வைத்துவிட்டுப் போய்விடுங்கள். பெரும்பாலும் மறுநாள் தானாகவே சுருங்கி வந்துவிடும்.

திருப்பி மாட்டுவது இப்படி: விளிம்பில் சின்னக் காது மாதிரி ஒன்று இருக்கும், அதை அதன் வெட்டில் வையுங்கள். கார்புரேட்டரின் வாய் வழியாக விரலை விட்டு ஸ்லைடைப் பாதி உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். அப்போதுதான் ரப்பர் தளர்ந்து, விளிம்பு பள்ளத்தில் தானாகப் படியும். ஸ்லைடு கீழேயே கிடந்தால் அது ரப்பரை உள்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், நூறு முறை வைத்தாலும் நழுவும். ஸ்பிரிங்கை நேராக நிறுத்தி, மூடியை வைத்து, ஸ்க்ரூ ஏறிய பிறகுதான் விரலை எடுக்க வேண்டும்.

சோதனை: ஸ்லைடை விரலால் மேலே தள்ளி விடுங்கள். நிதானமாக இறங்கிக் கடைசியில் 'டொக்' என்று உட்கார்ந்தால் சரி. தடாலென்று விழுந்தால் எங்கோ கசிவு, மறுபடி திறங்கள்.

பெட்ரோல் வரும் சின்னப் பித்தளைத் துளைகளான ஜெட்டுகளைச் சுத்தம் செய்ய ஊக்கும் குண்டூசியும் வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். பழைய கரண்ட் வயரை உரித்து ஒற்றைத் தாமிர இழை எடுத்துக்கொள்ளுங்கள், பித்தளையைக் கீறாது. காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் உள்ளே மெல்ல முடுக்கி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எழுதி வையுங்கள். திரும்ப அதே சுற்றில் வைத்தால் தொடக்கம் சரியாக இருக்கும்.

கடைசியாக, கார்புரேட்டரையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டை வளைத்துப் பாருங்கள். வயதான ரப்பரில் மெல்லிய வெடிப்பு இருக்கும். அதன் வழியே காற்று உள்ளே போனால் ஐடிலிங் ஏறி இறங்கும், எத்தனை ட்யூனிங் செய்தாலும் நிற்காது.

*பின்சேர்க்கை:* கார்புரேட்டர் சுத்தம் செய்தும் ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் சைலன்சரில் 'பட் பட்' என்று வெடிக்கிறது என்று சிலர் எழுதினார்கள். முதலில் சைலன்சர் பெண்ட் ஹெட்டோடு சேரும் இடத்து கேஸ்கெட்டைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், கலவையில் பெட்ரோல் போதவில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் கலவை மெலிந்துவிடுகிறது. மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக வெளியே எடுத்துப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குங்கள். மெயின் ஜெட்டைத் தொட அவசரம் இல்லை. கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பௌலின் ஓ-ரிங்கும் பழையது என்றால் மாற்றிவிடுங்கள், எத்தனால் அந்தக் கால ரப்பருக்கு ஆகாது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பௌலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

டயரும் கியரிங்கும்

இப்போது செலவு செய்யலாம். கம்பெனி அளவு முன்னால் 2.75-18, பின்னால் 100/90-18. பின் டயரை எல்லோரும் அகலமாக்கத்தான் துடிக்கிறார்கள். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 100/90-ன் மொத்த விட்டம் சுமார் 637 மில்லிமீட்டர். 110/90 போட்டால் 655. சக்கரம் கிட்டத்தட்ட 3 சதவீதம் பெரிதாகிறது, அந்த அளவுக்குப் பிக்கப் செத்துப்போகும், எடையும் கூடும். 110/80 என்றால் 633. ஏறக்குறைய பழைய அளவு, அகலம் மட்டும் கூடுதல். அலாயில் பொறித்திருக்கும் ரிம் அகலத்துக்கு அந்த டயர் ஒத்துவருமா என்று டயர் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். ஒத்துவரவில்லை என்றால் 100/90-லேயே நல்ல ரப்பராகப் போடுங்கள். அகலத்தைவிட வயதுதான் முக்கியம்: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தைக் காட்டும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தை. பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய டயரை ஓட்டாதீர்கள்.

பிக்கப் மட்டுமே குறி என்றால், காசுக்கு ஏற்ற பலன் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதுதான். பின்னால் மூன்று பல் கூட்டியதற்குக் கிட்டத்தட்டச் சமம். சிட்டியில் துள்ளும். பைபாஸில் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் கத்தும், மைலேஜும் குறையும். வார இறுதியில் நெடுந்தூரம் போகிறவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பேன். மாற்றினால் செயினோடு செட்டாக மாற்றுங்கள்; பழைய செயின் புதுப் பல்லைத் தின்றுவிடும். சென்னையில் இருப்பவர்கள் புதுசுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் பிரேக் சாமான் மட்டும் வாங்காதீர்கள்.

பிரேக்

வேகம் கூட்டும் பதிவில் பிரேக் எதற்கு? சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இரண்டு சுற்றுகூடத் தானாக ஓடாமல் நின்றால் உங்கள் குதிரை அங்கேயும் ஒன்று கட்டிக் கிடக்கிறது. காலிப்பரைக் கழற்றி, பின்களைத் துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸ் வையுங்கள். டிஸ்க்கிலும் பேடிலும் கிரீஸ் படக் கூடாது. பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும், லீவர் பஞ்சு மாதிரி இருக்கும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் மாட்டுங்கள். இந்த வண்டிக்கு வாங்கியதில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. பிரேக் ஆயில் டப்பா மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அந்த ஆயிலையே ஊற்றுங்கள். டேங்க் மேல் பழைய துணியைப் போர்த்திக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் சொட்டினால் பெயிண்ட் உரியும்.

எதற்கு நான் காசு தர மாட்டேன்

இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், பவர் கூட்டாது. ஓப்பன் ஏர் ஃபில்டர் நம் ஊர்ப் புழுதிக்கு ரிங்கைத் தின்னக் கொடுப்பதற்குச் சமம். காலி சைலன்சர் சத்தத்தை மட்டும்தான் கூட்டும். அதற்கு மேல் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. கரிஸ்மா வயது வண்டிகள் 15 வருஷம் தாண்டி ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ போயாக வேண்டியவை. கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை இரும்புக்கடையில் போட்டவர்கள் அன்றைக்கு அலைவார்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* எல்லாம் செய்தாகிவிட்டது, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அருமையாக ஓடுகிறது, பிறகு மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்று கேட்டவர்களுக்கு: அடுத்த முறை நின்றவுடன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் இருக்கும் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க வழியில்லாமல் கார்புரேட்டர் காய்கிறது. மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதிவிடுங்கள். சத்தம் வரவில்லை என்றால் டேங்க் துருவைச் சந்தேகியுங்கள். ஃப்யூயல் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் பெட்ரோலை விட்டு, ஒழுக்கு சன்னமாகிறதா என்று பாருங்கள். சன்னமானால் டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.