காலி ரூமுக்கு ஆள் தேடுவது எப்படி? சென்னை வாடகைவாசிகளுக்கு

1. முதலில் ஹவுஸ் ஓனரிடம் பேசுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, உள்வாடகைக்கு விட ஓனரோடு துணை ஒப்பந்தம் போட வேண்டும். வருபவரின் பெயரையும் உங்கள் வாடகை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. இல்லையென்றால் அவர் பாக்கி வைத்த வாடகைக்கும் ஓனர் உங்களைத்தான் பிடிப்பார்.

2. வாடகையைச் சரிபாதியாக்காதீர்கள். டூ பிஎச்கே வாடகை 24,000 ரூபாய் என்றால், அட்டாச்டு பாத்ரூம் உள்ள அறைக்கு 13,500, சின்ன அறைக்கு 10,500 என்று பிரிக்கலாம். மெயின்டெனன்ஸ், இன்டர்நெட், தண்ணீர் கேன் மூன்றும் பாதிப் பாதி.

சண்டை வருவது பெரும்பாலும் கரன்ட் பில்லில்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், நடுவில் குடிவந்தவர் எவ்வளவு எரித்தார் என்பது தெரியாது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். ஒரே அறையில் மட்டும் ஏசி இருந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைனுக்குத் தனியாக சப்-மீட்டர் போடுங்கள்.

3. போட்டோ பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து எடுங்கள். அறை, பாத்ரூம், சமையலறை, துணி காயப்போடும் இடம்: நான்கும் வேண்டும். கதவு எண் தெரியக் கூடாது.

4. விளம்பரத்தில் குறைகளை முதலிலேயே போடுங்கள். பொருந்தாதவர்கள் அதிலேயே ஒதுங்கிவிடுவார்கள். மாதிரிக்கு:

“வேளச்சேரி, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ரயில் நிலையம் நடந்தால் 12 நிமிடம். சின்ன அறை, பொது பாத்ரூம். வாடகை 10,500, மெயின்டெனன்ஸ் 1,250, அட்வான்ஸ் 30,000. மோட்டார் காலை 6 மணிக்கு. பைக் நிறுத்தலாம், காருக்கு இடமில்லை. அசைவம் சமைக்கலாம். நான் நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குவேன்.”

‘நல்ல பையன் தேவை’ என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. தன்னைக் கெட்ட பையன் என்று எவன் நினைக்கிறான்? ‘சைவம் மட்டும்’ என்பதைச் சாதி கேட்கும் மறைவழியாக்காதீர்கள்; அடுப்பில் என்ன ஏறலாம் என்பதோடு பேச்சு நிற்கட்டும்.

5. போனில் நான்கு கேள்வி போதும்: எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள், வாரத்தில் எத்தனை நாள் சமைப்பீர்கள், இரவு தங்க ஆள் வருவார்களா, முந்தைய வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், வீடு பார்க்க வர முடியாது, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் வந்துவிடும்’ என்று பேசினால் போனை வைத்துவிடுங்கள். பணம் பெற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை.

6. நேரில் பார்க்க மாலை ஏழு மணிக்குமேல் வரச் சொல்லுங்கள். தெருச் சத்தம், பார்க்கிங் நெருக்கடி, பக்கத்து வீட்டு டிவி எல்லாம் அப்போதுதான் தெரியும். ஒரே நாளில் முடிவு கேட்டு நெருக்காதீர்கள்.

7. அட்வான்ஸை வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒரு தாளில் தொகை, காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ், பெயின்ட்டுக்குப் பிடித்தம் உண்டா என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அடையாள அட்டை நகலை ஓனரிடம் கொடுங்கள். சாவி கொடுக்கும் அன்றே கரன்ட் மீட்டரைப் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.